உச்சிப்பொழுதில் வருகிறவள்

"நேத்தும் எங்க ஆத்தா வந்துச்சு, சிஸ்டர்" என்றார் காசிமாயன்.

அவர் காலில் போட்டிருந்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த நர்ஸ் ஹெப்சிபாவின் கை நின்றது. சுவரில் சந்தன மாலை போட்ட படத்திலிருந்து அவருடைய அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். செத்து வருசம் தாண்டிவிட்டது.

"கனவா இருக்கும்ணே."

"கனவுல யாராச்சும் கால் கழுவி விடுவாகளா?"

ஹெப்சிபா குனிந்து காலைப் பார்த்தாள். அவருக்கு யானைக்கால். முழங்காலுக்குக் கீழே உரல் மாதிரி வீங்கி, கணுக்காலைச் சுற்றி நீர் வடியும் புண். போன மாதம் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தபோது, "சுத்தமா வச்சுக்கலேன்னா காலை எடுக்க வேண்டி வரும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கே போய்க் கட்டுப்போடுகிற வேலை ஹெப்சிபாவுக்கு. சமயநல்லூரிலிருந்து ஸ்கூட்டியில் கீழக்குயில்குடிக்கு வாரத்துக்கு ரெண்டு தடவைதான் வர முடியும்.

இன்றைக்குப் புண்ணில் நாற்றமே இல்லை. விரல் இடுக்குகள் ஈரமில்லாமல் துடைக்கப்பட்டிருந்தன. பிரித்த கட்டும் அவள் போட்டதில்லை. அவளைப் போலவே, விரலடியிலிருந்து முழங்கால்வரை ஒரே சீராகச் சுற்றி, யாரோ போட்டிருந்தார்கள்.



"உச்சிப்பொழுதுல மாத்திர மயக்கத்துல கெடப்பேன். மொதல்ல ஆத்தா போடுற வெத்தல வாசம் வரும். அப்புறம் வெள்ளச் சேல. மொகம் தெரியாது. பேசாது. கை மட்டும் பொணத்துக் கை கணக்கா ஜில்லுன்னு இருக்கும்."

"ஏசப்பா" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு ஹெப்சிபா வேகமாகக் கட்டைப் போட்டு முடித்தாள்.

வெளியே அவர் சம்சாரம் மாயக்காள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அண்ணன் காலை நீங்களா கழுவி விடுறீங்க?"

"நான் அந்த ரூமுக்குள்ள போறதே இல்ல." தலை நிமிரவில்லை.

"கட்டுன புருசன்க்கா. ஒரு கை தண்ணி ஊத்தக்கூட மனசு வரலையா? செத்துப்போனவுகளுக்கு இருக்கிற ஈரம் உங்களுக்கு இல்லையே."

மாயக்காளின் முறம் ஒரு தட்டுத் தட்டி நின்று, மறுபடி ஆடியது. கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டே ஹெப்சிபா வண்டியை எடுத்தாள்.

அடுத்த வாரம் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு நோயாளி ஊருக்குப் போய்விட்டதால், சாயங்காலம் வர வேண்டியவள் உச்சிவேளையிலேயே வந்துவிட்டாள். தெருவில் ஆள் இல்லை. நாய்கூட இல்லை. மலை வெயிலில் கொதித்துக்கொண்டு சும்மா நின்றது. வாசல் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே கால் வைத்ததும் வெத்தலை வாசம்.

ஹெப்சிபா நின்றுவிட்டாள். ரூமுக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் வந்தது. திரும்பிவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டாலும் கால் முன்னால்தான் போனது. எட்டிப் பார்த்தாள்.

கட்டில் ஓரத்தில் வெள்ளைச் சேலை. தலையில் முக்காடு. குனிந்து, அந்தக் காலை மடியில் ஏந்தி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவிக்கொண்டிருந்தது. வளையல் சத்தமில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. மேலே சுவரில் இருந்த படத்தை ஹெப்சிபா பார்த்தாள். அதே சேலை.

பை கதவில் இடித்தது.

முக்காடு மெல்லத் திரும்பியது.

மாயக்காள்.

உதட்டில் விரலை வைத்தாள். நிதானமாகக் காலைத் துடைத்து, கட்டைச் சுற்றி முடித்துவிட்டு ஹெப்சிபாவைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு பானைத் தண்ணீர் இருந்தது.

"இதுல கைய முக்கி வச்சிருந்துட்டுப் போவேன். என் கைச் சூடு அவருக்குத் தெரியும்."

"எதுக்குக்கா இந்த வேசம்?"

"கால் வீங்குன புதுசுல தொடப் போனேன். 'இந்த அசிங்கத்த நீ தொடக் கூடாது, தொட்டா என் பொணத்தத் தொட்ட மாதிரி'ன்னு தாலி மேல சத்தியம் வாங்கிட்டாரு. மீறித் தொட்டா எட்டி ஒதப்பாரு. போன மாசம் டாக்டரு காலை எடுக்கணும்னாரா, ராவெல்லாம் 'ஆத்தா, ஆத்தா'ன்னு அனத்துனாரு. அதான் மாமியா கணக்கா வெத்தலயும் போட்டுக்கிட்டு, அது சேலய எடுத்துக் கட்டுனேன். நீட்டுன கால இழுக்கல. கட்டுப் போடுறத, நீங்க போடும்போது சன்னல் வழியாப் பாத்துப் படிச்சேன்."

"புருசன் இருக்கும்போது வெள்ளச் சேலையா..."

"ஊரு பாத்தாத்தான தாயி பேசும். அவருகிட்ட மட்டும் சொல்லிராதீக. காலைக் குடுக்க மாட்டாரு."

சேலை மாற்ற அவள் உள்ளே போனாள். அன்றைக்குத் தான் கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருக்க, ஹெப்சிபா ரூமுக்குள் வந்தாள்.

காசிமாயன் கண் மூடிப் படுத்திருந்தார்.

"இன்னைக்கும் அம்மா வந்தாங்களாண்ணே?"

"வந்துச்சு" என்றவர் கண்ணைத் திறந்தார். மயக்கம் எதுவும் இல்லாத கண். கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிராதீக, சிஸ்டர். சத்தியத்த வாங்கிட்டேன். திருப்பிக் குடுக்க வாய் வரல."

"எப்படித் தெரியும்ணே?"

காசிமாயன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"எங்க ஆத்தா என் கால் நாத்தம் தாங்காம, சாகுற வரைக்கும் இந்த ரூமுக்குள்ள கால் வச்சதே இல்ல."