பூண்டு போடாத கொட்டகை

"தேவம்மா மடியில என்னன்னு கேளுங்க சார்" என்று காவல்காரர் மாரிசாமி சொன்னபோது காலை மணி ஏழு.

அவள் மடியை அவிழ்த்தாள். ஒரு கைப்பிடிப் பூண்டு உதிர்ந்தது.

மைசூர்க் கோழிப் பண்ணையின் அதிகாரி செலுவநாராயணனுக்குச் சுருக்கென்றது.

சுதந்திரம் வந்து ஆறு வருஷமாகியும் குஞ்சுகளுக்கு வெளிநாட்டு மருந்துப் பொடிதானா, நம் அடுப்படிச் சாமான் போதாதா என்று மேலிடத்தில் மன்றாடி அவர் அனுமதி வாங்கின சோதனை பண்ணையில் நடந்துகொண்டிருந்தது. ஒரு கொட்டகைக்குப் பூண்டும் மஞ்சளும் மோரும் கலந்த தீவனம். அதைப் பண்ணையாள் மாதப்பன் பார்த்துக்கொண்டான். நடுவில் ஒரு கம்பி வலைதான். அடுத்த கொட்டகைக்கு வெறும் தீவனம். அது தேவம்மா பொறுப்பு.

பூண்டையே தொடாத ஐயங்கார் கூடை கூடையாகப் பூண்டு வாங்குகிறாரே என்று மண்டி மொஹல்லாக் கடைக்காரர்கள் சிரித்தது வேறு விஷயம்.

ஆறாம் வாரம் எடை போட்டால் இரண்டு கொட்டகைக் குஞ்சுகளும் ஒரே எடை. பூண்டால் பயனில்லை என்று அறிக்கை எழுத மனசு வராமல் உட்கார்ந்திருந்தார். இப்போதல்லவா சங்கதி தெரிகிறது.

"மாதப்பன் கொட்டகைப் பூண்டு உன் வீட்டு ரசத்துக்குப் போனா, என் குஞ்சு எப்படி எடை கூடும்?"

"இது எங்கூட்டுப் பூண்டுங்க சாமி."

"பொய் சொல்லாதே."

"திருடறவ சாயந்திரமில்லீங்களா எடுத்துட்டுப் போவா? நான் இப்பத்தான் உள்ளயே வர்றனுங்க."

மாரிசாமியும் ஆமாம் என்று தலையாட்டினார்.

"பின்னே எதுக்குக் கொண்டு வந்தே?"

தேவம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வலைக்கு அந்தப் பக்கம் பூண்டும் மோரும். இந்தப் பக்கம் வெறும் தவுடு. இதுங்க றெக்கையத் தொங்கப் போட்டுக்கிட்டு என் மூஞ்சியவே பாக்குதுங்க. ஒரே பந்தியில அப்படிப் பரிமாற எனக்கு மனசு வரலீங்க. அதான் தெனமும் கொஞ்சம் நசுக்கிப் போட்டனுங்க."

அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா நான் எதை எதோட ஒப்பிடறது? ஆறு வாரம் பாழ். நாளைலேர்ந்து வராதே."

மார்டள்ளிக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்த தினக்கூலிக்காரி. சிதறின பூண்டைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

புதுக் குஞ்சுகள் வந்தன. இந்தத் தடவை செலுவநாராயணன் யாரையும் நம்பவில்லை. வெறும் தீவனக் கொட்டகையைத் தாமே பார்த்துக்கொண்டார்.

"விஞ்ஞானத்துல இரக்கத்துக்கு இடமில்லை, தெரிஞ்சுக்கோ" என்று மாதப்பனிடம் இரண்டு தடவை சொன்னார். மாதப்பன் ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை.

பத்தாம் நாள் ஒரு குஞ்சு தீவனத் தட்டை விட்டு ஒதுங்கி, இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அவர் குனிந்து பார்த்தார். அதுவும் அவரையே பார்த்தது.

அந்த வாரக் கடைசியில், சாதம் பரிமாறிக்கொண்டிருந்த மனைவி யதுகிரி மூக்கைச் சுளித்தாள்.

"மூணு நாளா உங்க கையிலே பூண்டு வாசனை வரதே? பூண்டுக் கொட்டகை மாதப்பனோடதுன்னுதானே சொன்னேள்?"

செலுவநாராயணன் கையை இலையின் ஓரமாக இழுத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கார்த்தாலே தேவம்மா வீட்டுக்கு நானே போய், அவளைக் கூப்பிட்டுண்டு வரணும்" என்றார்.