தலைமாட்டு பஸ்ஸர்

நிம்மதியான தூக்கம் ரெஜினாவின் எலக்ட்ரானிக்ஸ் கடையில் நூற்றெண்பது ரூபாய். பேரம் பேசத் தெரிந்தவனுக்கு அதற்கும் கீழே. பக்கவாதத்தில் பேச்சு போன தனபாலனின் அப்பா மகனைக் கூப்பிடுவதற்கென்று அவள் செய்து கொடுத்த பஸ்ஸரை அவன் திருப்பிக் கொண்டுவந்திருந்தான். சுவிட்ச் அவர் கட்டிலில், சத்தம் அவன் அறையில்.

“ராத்திரி பூரா அமுக்குறாருக்கா. போய் நின்னா சும்மா மூஞ்சியப் பாக்குறாரு.”

“சத்தத்தக் குறைச்சிரவா?”

“அவருக்குக் கேக்கணும். எனக்குக் கேக்கக் கூடாது.”

ரெஜினா மேற்கொண்டு கேட்கவில்லை. வியாபாரத்தில் கேள்விக்குக் காசு கிடையாது. நீள ஒயரை வெட்டிப் போட்டுவிட்டு, சுவிட்சையும் பஸ்ஸரையும் ஒரே டப்பாவுக்குள் வைத்து ஈயம் உருக்கிப் பற்றவைத்தாள். இனி அவர் அமுக்கினால் அவர் தலைமாட்டிலேயே கத்தும். மகன் எழுந்து வருகிறான் என்று நினைத்துக்கொள்வார். அமுக்கிப் பார்த்தாள். கத்தியது.

“புது பேட்டரி. ஆறு மாசம் வரும்.”

தனபாலன் கொஞ்சம் யோசித்தான். “அவ்வளவு நாள் எதுக்குக்கா? பழசு ஏதாச்சும் போட்டு வெலையக் குறைங்க.”

அவள் புதியதைக் கழற்றிவிட்டு, இழுப்பறையில் கிடந்த பழையதை மாட்டினாள். நூற்றெண்பதில் இருபத்தைந்து போக நூற்றைம்பத்தைந்து. நூற்றைம்பதை மேஜையில் வைத்தவன், மீதி ஐந்தை அப்புறம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.