கணவாயில் ஒரு கடல்

மண்சரிவில் பாதை அடைபட்டு, எங்கள் நிலவியல் வகுப்பு இமயமலைக் கணவாய் ஒன்றில் மாட்டிக்கொண்டு நான்கு நாளாகிவிட்டது. அன்றைக்குத்தான் என் வகுப்புத்தோழன் சேதுபாண்டியின் அப்பாவுக்கு முதல் திதி. அதற்குள் ஊர் திரும்பி, கடலில் நின்றுதான் கொடுப்பேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தான்.

"கடலுக்கு எங்கடா போவேன்?" என்று அழுதவனை, சிப்பிகள் பதிந்த பாறையருகே இழுத்துப்போனேன்.

"ரெண்டு கண்டம் முட்டிக்கிட்டதுல மேல ஏறி வந்த கடல்தரைடா இது. நீதான் கோடிக்கணக்கான வருசம் லேட்டு."

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் ஒரு சிப்பியை நெடுநேரம் தடவினான். பிறகு ஷூவைக் கழற்றி, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, அலைக்குக் காலூன்றுகிறவனைப்போல் பனிக்குள் மெல்ல இறங்கினான்.

என்னையறியாமல் கத்தினேன்: "டேய், ரொம்ப உள்ள போகாத, ஆழம்!"