கூடிப்போன நாலு நாள்

மந்தைவெளி வீட்டு வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே நிற்கிறாள் அஸ்மத்துன்னிசா. கணவர் அப்துல் கய்யூம் இறந்ததிலிருந்து படி தாண்டாமல் இருந்த இத்தா எனும் துக்க காலம், காலண்டரில் அவள் போட்ட வட்டத்தின்படி, நாலு மாதம் பத்து நாளாகி இன்று முடிகிறது. மறந்துபோன வெயில் பாதத்தில் ஏறுகிறது. எங்கோ பறக்கும் ரயில் கடகடக்கிறது. "பிறைக் கணக்குல முடிஞ்சு நாலு நாளாச்சே அம்மி," என்கிறாள் மகள் ஜுவேரியா, காலண்டரைப் புரட்டியபடி. "நீங்க எண்ணுனது இங்கிலீஷ் மாசம். ஜூலை, ஆகஸ்ட்டெல்லாம் ரோம் ராஜாங்க பேரு. ரெண்டுக்கும் முப்பத்தொரு நாளு. பிறை மாசத்துக்கு இருபத்தொம்பது, இல்லாட்டி முப்பதுதான்." அஸ்மத்துன்னிசா விரல் கணுக்களை எண்ணுகிறாள்; குழம்பி, மறுபடி எண்ணுகிறாள். வெயிலில் இருந்த கால் தானாக உள்ளே வந்துவிடுகிறது. "அப்ப இந்த நாலு நாளு நான் யாருக்குடி உட்கார்ந்திருந்தேன்? அந்த ராஜாங்களுக்கா?"