பாயைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர்

"மூணு கதவு, ரெண்டு ஜன்னல். இந்த ஹோல்ல ஸ்பீக்கர் மாட்டச் சுவர் எங்க இருக்கு, மிஹ்லார் நானா?" ஸ்பீக்கர்களைப் பொருத்திப் பூட்ட வந்த ஸப்ராஸ் சிரித்தான்.

"கதவ மூடிட்டு மாட்டுங்க. அஞ்சும் இந்தப் பாயப் பாக்கணும்" என்றான் மிஹ்லார். பாயில் அவனுடைய ஒரு வயது மகள் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"ரீவி அங்கால, சோபா செற்றி இங்கால. பாய்ல இருந்து ஆரு படம் பாக்கிற?"

"நீங்க பூட்டுங்க தம்பி."

"வேணாமெண்டு எவ்வளவு சொன்னன்" என்று முணுமுணுத்தாள் மனைவி அக்கீலா.

"ஓம், இவ்வளவு கிட்ட வெச்சா புள்ளைட காது போயிரும்" என்றான் ஸப்ராஸ்.

அக்கீலா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாம் பூட்டியானதும் பாட்டுப் போடப் போன ஸப்ராஸைத் தடுத்து, மிஹ்லார் ஸ்பீக்கரோடு வந்த மைக்கைக் கையில் எடுத்தான்.

"பொறந்த புள்ளைட காதுல வாப்பாதானே பாங்கு சொல்லணும்? மாமா சொல்றன் எண்டார், நான்தான் விடல்ல. கத்தார்ல இருந்து போன்ல சொன்னன். அது செரியா விழல்ல அக்கீலா. அதான் இவளுக்குக் காது தொறக்கல்ல."

"காது நரம்பே இல்லையெண்டு டொக்டர் சொல்லிட்டாரேங்க..."

அவன் கண்களை மூடி, பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பதுபோலப் பாங்கு சொன்னான். ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. ஸப்ராஸ் காதைப் பொத்திக்கொண்டான். அடுத்த வீட்டுப் பளீலா மாமி முக்காட்டை இழுத்துவிட்டபடி ஓடி வந்து, "இது என்ன நேரத்துப் பாங்கு?" என்றாள்.

மகள் தலையைத் திருப்பவேயில்லை.

"சத்தத்த இன்னும் கொஞ்சம் கூட்டுங்க தம்பி" என்றான் மிஹ்லார்.

"இதுக்கு மேல கூட்டேலாது நானா."