முடிச்சு போட்ட பக்கம்

ரோஸ்விதாவுக்குக் குதிகால் விண்விண்ணென்று தெறித்தது. மியூனிக் பீர் திருவிழாக் கூடாரத்துக்குள் வந்ததிலிருந்து அவள் உட்காரவே இல்லை.

"அக்கா, இங்க மூணு பீர்!"

"வேற ஆளைப் பாருப்பா."

"அரை மணியா கத்துறோம். வாங்குற சம்பளத்துக்கு வாயைப் பாரு!"

மேசையே சிரித்தது. பக்கத்து மேசைக்காரன் நாலு காலிக் குவளைகளை அவள் கையில் திணித்தான். "அப்படியே ஒரு கோழி. சூடா இருக்கணும்."

பீர் நிரம்பிய பத்துக் குவளைகளை நெஞ்சோடு அணைத்து வந்த பரிமாறும் பெண் ஆஃப்ரா தோளால் இடித்தாள். "யாரு நீங்க? இதெல்லாம் என் மேசைங்க. என் பொழைப்புல கை வைக்காதீங்க."

"நான் வேலைக்கு வந்தவ இல்லடி! ஊர்லேருந்து ரயில் ஏறி பீர் குடிக்க வந்தவ. ஒருத்தனும் உக்கார விட மாட்டேங்குறான்."

"பின்ன பாவாடை மேல கட்டுற ஏப்ரன் முடிச்சை, பரிமாறுற எங்களை மாதிரி முதுகுல ஏன் போட்டீங்க? கல்யாணம் ஆகலைன்னா இடப்பக்கம், ஆயிருந்தா வலப்பக்கம். தெரியாதா?"

"போன வருஷம் வரைக்கும் வலப்பக்கம்தான் போட்டேன். புருஷன் செத்தவளுக்கும் முதுகுலதானே வெச்சிருக்கீங்க? நான் என்ன பண்ண?"

ஆஃப்ரா குவளைகளை மேசையில் இறக்கினாள். பிறகு பெஞ்சில் இருந்தவனை இடுப்பால் தள்ளினாள். "நகருடா, தடியா. அம்மா உக்காரட்டும்."

ஒரு குவளையை ரோஸ்விதாவின் முன் வைத்தாள்.

"இன்னொண்ணும் வை," என்றாள் ரோஸ்விதா. "போன வருஷம் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷம் என் முறைன்னு சொல்லியிருந்தேன். அந்த ஒரு பீர் அவருக்கு நான் இன்னும் பாக்கி."