மொட்டைக் கிருமிகள்

ஆட்டுக் குளம்பை அழுகவைக்கும் கிருமிக்கு உடம்பில் மயிரிழைகள் உண்டு. அவற்றை நீட்டிப் பற்றி, இழுத்துத்தான் அது நகரும். அந்த இழைகளுக்கான புரதத்தை நீக்கி, மொட்டைக் கிருமிகளை வளர்த்தாள் ஆர்மிடேல் நகர ஆய்வகத்து வெரிட்டி. அவை நகரவே முடியாது. ஆனாலும் தினமும் காலையில் பார்த்தால், வளர்ப்புத் தட்டில் அவள் நாற்காலி இருக்கும் பக்கமாகவே திரண்டிருந்தன. தட்டைத் திருப்பி வைத்தாலும் மறுநாள் அப்படித்தான். நுண்ணோக்கியில் ஓர் இழைகூட இல்லை.

"உனக்காகக் காத்திருக்குதுங்க," என்றான் கூட வேலை பார்க்கும் டூகல்.

"வீட்டுல யாரும் காத்திருக்கல. இதுங்களாவது இருக்கட்டுமே."

அந்த மாதத்தோடு அவள் ஒப்பந்த வேலை முடிகிறது. கடைசி வெள்ளிக்கிழமை, கிருமிகள் எதிர்ச் சுவர்ப் பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன.

"நீ போறேன்னதும் மூஞ்சியத் திருப்பிக்கிச்சுங்க பாரு," என்று சிரித்தான் டூகல்.

வெரிட்டிக்குச் சுருக்கென்றது. அப்போது ஆய்வகத் தலைவர் மார்கிட் உள்ளே வந்தார்.

"வெரிட்டி, உன் வேலைய நீட்டிச்சாச்சு. திங்கக்கிழமைலேருந்து தனி அறை வேற."

"எந்த அறை?"

மார்கிட் எதிர்ச் சுவரைக் காட்டினார். "இதுக்குப் பின்னாடி."

டூகலின் சிரிப்பு அப்படியே நின்றது. வெரிட்டி தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, "சரி, நாற்காலிய எந்தப் பக்கம் போடலாம்?" என்று அதனிடமே கேட்டாள்.